ஒரு மாப் குறையுது, சார்

கேள்வி:

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ். பி.எஸ்சி. நர்சிங் முடித்து வந்த நாளிலிருந்து தியேட்டரில்தான் வேலை. எங்கள் சீஃப் சர்ஜன் பெரிய பெயர் எடுத்தவர். கைராசிக்காரர் என்று பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருகிறார்கள். ஆனால் கேஸ் தொடங்கிவிட்டால் அவர் வேறு ஆள். கேட்டது கைக்கு வர ஒரு நொடி தாமதமானால் "தூங்கிட்டியா?" என்பார். வேறு ஃபோர்செப்ஸைக் கொடுத்துவிட்டால் அதைத் தரையில் வீசுவார். "உன்னையெல்லாம் யாரு நர்சிங் படிக்கச் சொன்னது?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். கேஸ் முடிந்ததும் டீயும் வடையும் வாங்கிவரச் சொல்லி எல்லாருக்கும் கொடுப்பவரும் அவர்தான். என் மகளுக்கு ராத்திரியில் காய்ச்சல் வந்தபோது போனிலேயே மருந்து சொல்லி, மறுநாள் ஞாபகமாக விசாரித்தார்.

போன மாதம் நடு ராத்திரியில் ஓர் அவசர வயிற்று ஆப்பரேஷன். மூடுவதற்கு முன் எண்ணினோம். ரத்தம் ஒற்றும் துணியில், அதாவது மாப்பில், ஒன்று குறைந்தது. "சார், கவுன்ட்டு..." என்று இழுத்தேன். "எண்ணக்கூடத் தெரியாதா? உள்ளே ஒண்ணும் இல்லை. சூச்சரைக் குடு" என்று கத்தினார். கொடுத்துவிட்டேன். ஃப்ளோர் சிஸ்டர் தேடிக்கொண்டே இருந்தார். சர்ஜன் தோல் தையலுக்கு வந்த பிறகுதான் அது கிடைத்தது. ரத்தத்தில் ஊறி இன்னொரு மாப்போடு ஒட்டிக்கொண்டு பக்கெட்டில் கிடந்தது. நோயாளி நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை.

"கோபம் இருக்கிற இடத்துலதான் குணம் இருக்கும், இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடு" என்கிறார் இன்சார்ஜ் சிஸ்டர். வீட்டுக்காரர் வார்டுக்கு மாற்றிக் கேட்கச் சொல்கிறார். சர்ஜனுக்கு எவ்வளவோ டென்ஷன் இருக்கும், நாங்கள்தான் தாங்கிக்கொள்ள வேண்டுமா? நான்தான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேனா?

தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ் (பெயர், ஊர் வேண்டாம்)

பதில் (ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டென்டென்ட்):

அன்புள்ள சிஸ்டர்,

நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் பெரிதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். அவர் கத்தியதைவிட, மாப் எங்கே என்று தெரியாமலே நீங்கள் சூச்சரை எடுத்துக் கொடுத்ததுதான் என்னைக் கலங்க வைத்தது. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் செய்திருப்பார்கள். நமக்குக் கவலை தர வேண்டியதே அதுதான். ஏழு வார்த்தையில் ஓர் ஆள் அதட்டியதும், நன்றாகப் படித்த, அனுபவமுள்ள ஒரு நர்ஸின் கை தன் அறிவை மீறி நகர்ந்துவிட்டது. தூக்கம் வராததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் மனம் அந்த வசவை மறந்துவிட்டது, அந்தச் சூச்சரை மறக்க மறுக்கிறது.

அந்த மாப் பக்கெட்டில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 1963 ஜூலையில் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேஷன் செய்தார்கள். அதன்பின் வயிற்று வலியும் காய்ச்சலும் குறையவே இல்லை. சில நாள் கழித்து மறுபடி வயிற்றைத் திறந்தபோது உள்ளே துணி மாப் கிடந்தது, சுற்றிலும் சீழ். அந்த மாதம் முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். கணவரும் பிள்ளைகளும் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1996-இல்தான் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. வயிற்றுக்குள் மாப் இருந்தது என்பதே கவனக்குறைவுக்குப் போதுமான சாட்சி என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 33 வருஷம், சிஸ்டர். ஒரு துணிக்கு.

இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உடலுக்குள் பொருளை விட்டுத் தைத்த சம்பவங்களை ஆராய்ந்து 2003-இல் அதுல் கவாண்டேயும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவசர ஆப்பரேஷனில் இந்த ஆபத்து கிட்டத்தட்ட 9 மடங்கு கூடுகிறது என்பது அதில் தெரிந்தது. அதைவிட முக்கியமானது இது: எண்ணிப் பார்த்தும் பொருள் உள்ளே தங்கிவிட்ட சம்பவங்களில் 88 சதவீதத்தில், கடைசி எண்ணிக்கை 'சரி' என்றே எழுதப்பட்டிருந்தது. அதாவது ஆபத்து பெரும்பாலும் நமக்குச் சொல்லாமலே வருகிறது. உங்களுக்கு அன்று நடந்ததோ அவசர கேஸ், நடு ராத்திரி, எண்ணிக்கையும் குறைகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. இத்தனை சத்தமாக மணி அடித்த பிறகும் அந்தத் தியேட்டரில் தையல் நிற்கவில்லை.

"எண்ணத் தெரியாதா" என்று கேட்டாரே, எண்ணுவது யாருடைய வேலை? உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆப்பரேஷன் பாதுகாப்புப் பட்டியல் உங்கள் தியேட்டர் சுவரிலும் ஒட்டியிருக்கும். மயக்க மருந்துக்கு முன், தோலைக் கீறுவதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டுப் போவதற்கு முன் என்று மூன்று கட்டம். கடைசிக் கட்டத்தில் கருவி, மாப், ஊசி எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியவர் நர்ஸ். டெல்லி உட்பட எட்டு ஊர்களின் மருத்துவமனைகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, ஆப்பரேஷனுக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆகவே அன்று நீங்கள் சர்ஜனுடைய பேச்சில் குறுக்கிடவில்லை. உங்கள் முறை வந்தபோது பேசினீர்கள். குறுக்கிட்டவர் அவர்.

பட்டியலின் இரண்டாம் கட்டத்தில் அறையில் இருக்கிற எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறதே, அதை எத்தனை தியேட்டர்களில் செய்கிறார்கள்? 'தெரிஞ்ச முகம்தானே' என்று டிக் போட்டுவிட்டுப் போகிறோம். ஒருமுறை தன் பெயரைச் சொல்லி வாய் திறந்தவருக்கு அடுத்த முறை வாய் திறப்பது சுலபம். அதற்காகத்தான் அந்த வரி அங்கே இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு சர்ஜன், கத்தி வாங்குவதற்கு முன் அன்றைக்குப் புதிதாக வந்த பயிற்சி நர்ஸிடம்கூட "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். அவர் தியேட்டரில் யாரும் "சார், கவுன்ட்டு..." என்று இழுத்து நான் கேட்டதில்லை. முழு வாக்கியமாகத்தான் பேசுவார்கள்.

வசவே இல்லாத இடத்தில்கூட நர்ஸின் குரல் எப்படி அமுங்கிப்போகிறது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். மருத்துவ உலகம் இதை நன்றாக அறியும். 2005 மார்ச் 29. இங்கிலாந்தில் எலேன் ப்ராமிலி என்ற 37 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய், சைனஸ் தொந்தரவுக்காக ஒரு சாதாரண ஆப்பரேஷனுக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்த பின் மூச்சுக்குழாய்க்குள் டியூபைச் செலுத்த முடியவில்லை. மாஸ்க் வழியாகவும் காற்று ஏறவில்லை. அனுபவமுள்ள டாக்டர்கள் அங்கே இருந்தார்கள். எல்லாரும் டியூபை எப்படியாவது உள்ளே செலுத்திவிடுவதிலேயே மூழ்கிப்போனார்கள். நிமிஷங்கள் ஓடின. ஆக்ஸிஜன் கீழேயே கிடந்தது. கழுத்தில் துளையிட்டுக் காற்று கொடுக்க வேண்டிய கட்டம் அது. ஒரு நர்ஸ் டிரக்கியாஸ்டமி செட்டை எடுத்துக்கொண்டு வந்து, இதோ இருக்கிறது என்று சொன்னார். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு நர்ஸ் ஐ.சி.யூ.வில் படுக்கைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்து சொன்னார். வீணாகப் பதறுகிறாயே என்பதுபோலப் பார்த்தார்கள். அவர் போய் அந்தப் படுக்கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எலேனுக்கு நினைவு திரும்பவே இல்லை. 13 நாளில் இறந்துபோனார்.

அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. கருவியை வீசவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது நர்ஸ்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் தெரிந்ததை டாக்டரிடம் அழுத்திச் சொல்லும் வழி அவர்களுக்கு இல்லை. வெறும் படிநிலையே இத்தனை செய்யும் என்றால், அதன்மேல் "உன்னையெல்லாம் யாரு படிக்கச் சொன்னது" என்பதையும் ஏற்றி வைத்தால் அந்த அறையில் யார் வாய் திறப்பார்கள்?

எலேனின் கணவர் மார்ட்டின் ப்ராமிலி ஒரு விமானி. யாரைத் தண்டிப்பது என்று அவர் அலையவில்லை. இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டு, 2007-இல் அதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். விமானத் துறை இந்தப் பாடத்தை 1977-லேயே படித்திருந்தது. டெனரிஃப் விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்த வருஷம் அது. ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்குமோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகப்பட்டுக் கேட்டார், கேப்டன் தட்டிக்கழித்துவிட்டு வேகமெடுத்தார். அதற்குப் பிறகு வந்த பயிற்சிகளில் கீழே இருப்பவருக்குப் பேசவும், மேலே இருப்பவருக்குக் கேட்கவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அது பயிற்சி. நம் ஊரில் 'தைரியமாகப் பேசுங்கள்' என்று நர்ஸ்களுக்கு மட்டும் வகுப்பு எடுத்துவிட்டு, சர்ஜன்களை அந்த அறைப்பக்கமே அழைக்காமல் விடுகிறார்கள். அந்த வகுப்பு பாதி வேலைதான்.

இப்போது உங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னதற்கு வருகிறேன். கோபம் இருக்கிற இடத்தில் குணம் இருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. உங்கள் சர்ஜன் நல்ல மனிதராகவே இருக்கலாம். மகளின் காய்ச்சலை மறுநாள் விசாரித்தவரிடம் ஈரம் இல்லை என்று யார் சொல்வது? ஆனால் அந்தக் குணம் டீ குடிக்கும் நேரத்தில் உங்களுக்குக் கிடைக்கிறது. கோபத்தின் விலையை, அதற்குள் மயக்கத்தில் படுத்திருந்த ஒருவர் கொடுத்துவிடுகிறார். அவருக்கு யாரும் டீ வாங்கிக் கொடுப்பதில்லை.

இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவதும் நடக்கிற காரியம் இல்லை. இஸ்ரேலில், பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் டாக்டர்களும் நர்ஸ்களும் சேர்ந்த 24 குழுக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2015-இல் வெளியானது. குறைமாதக் குழந்தை ஒன்றின் நிலை மோசமாகிறது, என்ன நோய் என்று கண்டுபிடித்துச் சிகிச்சை தர வேண்டும். பயிற்சிதான், நிஜக் குழந்தை இல்லை. ஒரு பாதிக் குழுக்களிடம், வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகம் செய்யப்பட்டவர் இந்த நாட்டு மருத்துவத்தின் தரம் தனக்குத் திருப்தியாக இல்லை, இங்குள்ளவர்கள் தன் துறையில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்கிற தோரணையில் பேசினார். அவ்வளவுதான். கத்தவில்லை, யார் பெயரையும் சொல்லவில்லை. மற்றக் குழுக்களிடம் சாதாரணமாகப் பேசினார். யாரிடம் எப்படிப் பேசினார் என்று தெரியாத நடுவர்கள் மதிப்பெண் போட்டபோது, அவமதிக்கப்பட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் கைவேலையிலும் பின்தங்கியிருந்தன. ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவரிடம் சொல்வதும், உதவி கேட்பதும் அவர்களிடம் குறைந்துபோயிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் சொன்ன லேசான ஒரு சொல்லுக்கே இந்தக் கதி. நீங்கள் தினமும் எதிரில் நிற்கிற சர்ஜனின் சொல்லை எந்தக் காது வழியாக விடுவது?

'முரட்டு ஆள்தான், ஆனால் கை சுத்தம்' என்கிற பேச்சும் நம்மிடம் உண்டு. அமெரிக்காவில் 200-க்கும் மேற்பட்ட சர்ஜன்களிடம் ஆப்பரேஷன் செய்துகொண்ட 13,000-க்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களை அலசி, 2019-இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். மரியாதைக் குறைவாக நடந்துகொள்கிறார் என்று கூட வேலை செய்பவர்கள் புகார் கொடுத்திருந்த சர்ஜன்களின் நோயாளிகளுக்கு, அப்படிப் புகார் இல்லாதவர்களின் நோயாளிகளைவிட 12 முதல் 14 சதவீதம் அதிகமாகச் சிக்கல்கள் வந்தன. காயத்தில் கிருமித் தொற்று, நிமோனியா மாதிரிச் சிக்கல்கள். கோபம் கிருமியைக் கொண்டுவந்து போடுவதில்லை. "சார், உங்க கிளவுஸ் டிரேப்புக்கு வெளியே பட்டுடுச்சு" என்று சொல்ல வேண்டியவர் சொல்லாமல் இருந்துவிடுகிறார், அதுதான் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

சர்ஜன் பக்கத்தையும் பேசாமல் இருந்தால் நான் நியாயமானவள் ஆக மாட்டேன். ரத்தம் பொங்கி வருகிறது, சக்‌ஷன் இழுக்கவில்லை, கேட்ட கத்தரி மழுங்கியிருக்கிறது, எதிரில் நிற்கும் நர்ஸ் நேற்றுத்தான் வேறு பிரிவிலிருந்து வந்தவர். குரல் உயராமல் இருக்க ஞானிகளால்தான் முடியும். அவசரத்தில் உயர்ந்த குரலையும், ஆளைச் சிறுமைப்படுத்துகிற பேச்சையும் நான் ஒன்றாக வைக்க மாட்டேன். "கிளாம்ப்! சீக்கிரம்!" என்பதில் அவமானம் எதுவும் இல்லை, அதற்கு வருத்தப்படவும் வேண்டாம். "உன்னையெல்லாம்" என்று தொடங்குகிற எதுவும் ரத்தத்தை நிறுத்தப்போவதில்லை. அவர்களும் பெரும்பாலும் இப்படித் திட்டு வாங்கியே தொழில் கற்றவர்கள். முதுகலை படிக்கும்போது ரிட்ராக்டர் பிடித்த கை நடுங்கியதற்கு விரல் மூட்டில் அடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் தங்கள் மாணவர்களை அடிப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டார்கள். மற்றவர்கள் அப்படி முடிவு செய்யவில்லை. ஆக, இது விதி இல்லை, ஒவ்வொருவரும் எடுக்கிற முடிவு.

நம் பக்கமும் சுத்தம் இல்லை. சீஃப் அசிஸ்டன்டைத் திட்ட, அசிஸ்டன்ட் சிஸ்டரைத் திட்ட, சிஸ்டர் பயிற்சி மாணவியைத் திட்ட, கடைசியில் எல்லாரும் சேர்ந்து தியேட்டர் ஆயாம்மாவைத் திட்டுகிறார்கள். கடிதத்தில் உங்களுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றி எதுவும் இல்லை. உங்களிடம் ஒரு மாணவி "சிஸ்டர், இது ஸ்டெரைல் இல்லையோ?" என்று கேட்டால் என்ன முகம் காட்டுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அன்று பக்கெட்டில் தேடி அந்த மாப்பைக் கண்டுபிடித்த ஃப்ளோர் சிஸ்டருக்கு யாராவது நன்றி சொன்னீர்களா? சொல்லியிருக்காவிட்டால் நாளைக்கே சொல்லுங்கள்.

நர்ஸின் முறையீட்டுக்கு ஒரு சர்ஜன் காது கொடுத்ததால் உலகத்துக்கே நன்மை வந்ததும் உண்டு. 1889-90 வாக்கில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட்டின் தியேட்டர் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன், கிருமி நீக்கப் பயன்படுத்திய பாதரசக் கரைசலால் தன் கைத்தோல் வெந்துபோகிறது என்று சொன்னார். 'இதையெல்லாம் தாங்கத் தெரியாதா' என்று ஹால்ஸ்டெட் கேட்கவில்லை. குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய கையுறை செய்து வரவழைத்தார். நர்ஸின் கையைக் காக்க வந்த அந்த உறை, போகப்போக எல்லார் கைக்கும் வந்து நோயாளியைத் தொற்றிலிருந்து காத்தது. பின்னால் அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்பது வேறு கதை. உங்கள் சீஃப் தினமும் மாட்டிக்கொள்கிற கையுறை, ஒரு நர்ஸ் வாய் திறந்ததால் வந்தது.

இனி, நாளை தியேட்டருக்குள் நுழையும்போது என்ன செய்வது? லியோனார்ட் ஸ்டைன் என்கிற அமெரிக்க மனநல மருத்துவர் 1967-இல், டாக்டரும் நர்ஸும் ஆடுகிற ஒரு விளையாட்டைப் பற்றி எழுதினார். என்ன செய்ய வேண்டும் என்று நர்ஸுக்குத் தெரியும். ஆனால் யோசனை டாக்டருடையது போலத் தோன்றும்படி ஜாடையாகத்தான் சொல்ல வேண்டும். டாக்டரும் கேட்டது போலக் காட்டிக்கொள்ளாமல் அதைச் செய்வார். இரண்டு பேருக்கும் கௌரவம் மிச்சம். நம் "சார், கவுன்ட்டு..." அந்த விளையாட்டின் ஓர் ஆட்டம்தான். வார்டில் எப்படியோ போகட்டும். வயிறு திறந்திருக்கும்போது அந்த விளையாட்டு வேண்டாம்.

பொருள், எண்ணிக்கை, அவர் செய்ய வேண்டியது, மூன்றும் ஒரே மூச்சில் வரட்டும்: "சார், ஒரு மாப் குறையுது. மூடாதீங்க, உள்ளே ஒருமுறை பாருங்க." பதில் வரவில்லை அல்லது வசவு வந்தது என்றால் அதே குரலில் இரண்டாவது முறை: "சார், 20 கொடுத்தேன், 19 வந்திருக்கு. பேஷன்டுக்கு ஆபத்து. தையலை நிறுத்துங்க." டீம்ஸ்டெப்ஸ் என்று அமெரிக்காவில் 2006 முதல் நடக்கிற பயிற்சியிலும் இதுதான் விதி: முதல் முறை காதில் விழவில்லை என்றால் இரண்டாம் முறை சொல்வது கடமை, அதற்கும் பலன் இல்லை என்றால் அடுத்தவரை இழுக்க வேண்டும். உங்களுக்கு அடுத்தவர் தலைமாட்டிலேயே நிற்கிறார். மயக்க மருத்துவரைப் பார்த்து, "மேடம், கவுன்ட் பொருந்தலை, எக்ஸ்ரே எடுக்கணும்" என்று சொல்லுங்கள். மாப்பில் எக்ஸ்ரேயில் தெரிகிற இழை வைத்திருப்பதே இந்த நாளுக்காகத்தான். நோயாளியைத் தெளிய வைப்பதா வேண்டாமா என்பது அவர் கையில் இருக்கிறது. சர்ஜன் உங்களை அதட்டுவதுபோல அவரை அதட்ட மாட்டார்.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிடுகிறேன். ரத்த அழுத்தம் விழுந்து நோயாளி கையை விட்டுப் போகிற நிலை என்றால், எண்ணிக்கை பொருந்தாவிட்டாலும் சீக்கிரம் மூடி ஐ.சி.யூ.வுக்கு அனுப்புவதே சரி என்று சர்ஜன் தீர்மானிக்கலாம். அது அவருடைய உரிமை, உயிரைக் காக்கிற முடிவு. அப்போதும் அவர் 'ஒன்று குறைகிறது என்று தெரியும்' என்று வாயால் சொல்ல வேண்டும். கவுன்ட் ஷீட்டில் குறைந்த எண்ணிக்கை, சர்ஜனிடம் சொன்ன நேரம், அவர் சொன்ன பதில், எப்போது எக்ஸ்ரே என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். உங்கள் கேஸில் அப்படி ஓர் அவசரம் இருந்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை. பிறகு மாப் கிடைத்துவிட்டதே என்று அன்றைய ஷீட்டில் வெறுமனே 'சரி' என்று எழுதியிருந்தீர்கள் என்றால், அடுத்த முறை அப்படி எழுத வேண்டாம்.

அவரிடம் பேசுங்கள். தியேட்டருக்குள் வேண்டாம், காரிடாரில் போகிறபோக்கிலும் வேண்டாம். போஸ்டிங் குறைவான ஒரு நாளில், கேஸ் முடிந்தபின், சர்ஜன் அறையில் மயக்க மருத்துவரையோ இன்சார்ஜ் சிஸ்டரையோ உடன் வைத்துக்கொண்டு பேசலாம். 'நீங்கள் என்னைத் திட்டிவிட்டீர்கள்' என்று தொடங்கினால் அவர் சமாதானம் சொல்லி முடித்துவிடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், அன்னிக்கு ராத்திரி நீங்க கத்தினதும் எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. மாப் எங்கேன்னு தெரியாமலே சூச்சர் கொடுத்துட்டேன். அது உள்ளே இருந்திருந்தா அந்த பேஷன்டும் போயிருப்பாங்க, உங்க பேரும் போயிருக்கும். இனிமே கவுன்ட் பொருந்தலைன்னா நான் நிறுத்தச் சொல்லுவேன், நீங்க நிறுத்தணும்." கூடவே ஒன்று கொடுங்கள். ஒவ்வொரு ஆப்பரேஷனுக்கும் அவர் விரும்புகிற கருவி, சூச்சர், கிளவுஸ் சைஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தியேட்டரில் வைத்துவிடுவோம், புதிதாக வருகிறவர்களும் பார்த்துத் தயாராவார்கள் என்று சொல்லுங்கள். அவருடைய கோபத்தில் நியாயமான பாதி அதில் தீர்ந்துவிடும். மறுபாதிக்கு அவர்தான் பொறுப்பு.

அவர் சிரித்து ஒதுக்கினாலோ இன்னும் சீறினாலோ, எழுத்துக்குப் போங்கள். தரச் சான்று பெற்ற மருத்துவமனை என்றால் சம்பவ அறிக்கைப் படிவம் கட்டாயம் இருக்கும். தேதி, நேரம், கேஸ், சொன்ன வார்த்தை, விளைவு. 'மனம் புண்பட்டது' என்பதைவிட 'எண்ணிக்கை பொருந்தாமல் மூடப்பட்டது' என்பதைத்தான் நிர்வாகம் கவனமாகப் படிக்கும், ஏனென்றால் நாளை வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். கேஸ் கொண்டுவருகிற சர்ஜனைப் பகைத்துக்கொள்ள எந்த நிர்வாகமும் தயங்கும் என்பது எனக்குத் தெரியாததா? தனியார் மருத்துவமனை நர்ஸுக்குக் குறைந்தது 20,000 ரூபாய் சம்பளம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த குழு 2016-லேயே சொல்லியும், அதற்குப் பாதியில் வேலை பார்க்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அதனால் தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். தியேட்டர் நர்ஸ்கள் எல்லாரும், முடிந்தால் மயக்க மருத்துவரும் சேர்ந்து போடுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நர்சிங்கை ஒரு தொழிலாக மதித்து அவர்களின் ஒத்துழைப்பை நாட வேண்டும் என்று டாக்டரிடமே சொல்கின்றன. அதன் ஐந்தாம் அத்தியாயத்தை மனுவில் குறிப்பிடுங்கள்.

கருவியை வீசுவது வேறு வகை. தரையில் வீசினாலும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தம் பட்ட கூர்மையான எதுவும் உங்கள் தோலைக் கிழித்தால் உடனே கழுவிவிட்டு, கேஸ் முடியக் காத்திருக்காமல் மாற்று ஆளை நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயன் இல்லை. உடம்பைப் பற்றிய பேச்சு, தொடுதல், இரட்டை அர்த்தம், இவை எதையும் 'சார் கோபக்காரர்' என்கிற கணக்கில் சேர்க்காதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழு இருக்க வேண்டும். நேராக அங்கே போங்கள்.

வார்டுக்கு மாற்றம் இப்போது கேட்க வேண்டாம். தியேட்டரைக் கற்ற கை எளிதில் கிடைப்பதில்லை. நீங்கள் போனால் அந்த இடத்தில் இன்னும் பயந்த ஒரு பெண் வந்து நிற்பாள். அதே சமயம், அங்கே இருந்து தேய்ந்துபோவது உங்கள் கடமை என்றும் நான் சொல்ல மாட்டேன். பேசிப் பார்த்து, எழுதிப் பார்த்து, எண்ணிக்கை பொருந்தாதபோது தையல் நிற்கவில்லை என்பது இன்னொரு முறை நடந்தால், மாற்றம் கேளுங்கள். விண்ணப்பத்தில் 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று எழுதாதீர்கள். நடந்ததைத் தேதியோடு எழுதி, நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கும் மருத்துவ இயக்குநருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்து, மூன்றாவதில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.